ஞாயிறு பள்ளியும் தொல்பொருள் ஆய்வும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சிறுவர்களின் கிறித்தவக் கல்விக்குத் தொல்லியல் எவ்வாறு துணை செய்யும் என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். இச்சங்கத்தில் தேவாலயத்துக்குச் செல்வோரும் உளர். மாரியம்மன் கோயிலுக்குச் செல்வோரும் உளர். ஒரே கூரையின்கீழ் இருவகையினரும் வாழும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. ஆகவே இத்தலைப்பு ஒரு சாராருக்கு மட்டும் உரியதோ என எவரும் ஐயுற வேண்டா. கல்லும் மண்ணும் பானையோடும் எல்லார்க்கும் பொது.

நம் ஊர்களில் ஞாயிறு பள்ளி நடைபெறும் முறையை அனைவரும் அறிவோம். வழிபாடு முடிந்தபின் ஆலயத் திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ முப்பது நாற்பது பிள்ளைகள் அமர்கின்றனர். ஒரு பாட்டு, ஒரு செபம், ஒரு கதை, ஒரு மனப்பாட வசனம். கதைக்குத் துணையாக ஒரு வண்ணப் படம். அப்படத்தில் உள்ளோர் அனைவரும் சிவந்த மேனியர், வெளுத்த அங்கியர். காலில் புழுதி இல்லை. கையில் காய்ப்பு இல்லை. ஆபிரகாம் ஆடு மேய்த்தவர் என்று ஆசிரியரின் வாய் சொல்கிறது. படமோ அவரை அரசரைப்போல் காட்டுகிறது. முந்தின நாள் முழுவதும் ஆடு மேய்த்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பிள்ளை அதைப் பார்த்து என்ன எண்ணும்? இது வேறு எவருடைய கதையோ என்றே எண்ணும். கிறிஸ்துமஸ் விழாவில் சில்வர் டம்ளர் பரிசு பெறுவதற்காக வசனத்தை ஒப்பிக்கும். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு வந்ததும் நின்றுவிடும். ஊதியமின்றி உழைக்கும் ஆசிரியர்கள்மீது இக்குறையைச் சுமத்துவது முறையன்று. அவர்கள் கையில் நாம் கொடுத்திருப்பது படம் மட்டுமே.

படத்திற்குப் பதிலாக ஒரு பொருளைக் காட்டினால் என்ன? இக்கேள்வியே இன்றைய நம் பேச்சு.

யோசுவாவின் புத்தகம் நான்காம் அதிகாரத்தை நினைவு கூர்வோம். யோர்தான் ஆற்றைக் கடந்த மக்கள் பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டுகின்றனர். எதற்காக? பிற்காலத்தில் பிள்ளைகள் இக்கற்கள் யாவை என்று கேட்பார்கள், அப்பொழுது தகப்பன்மார் விடை சொல்ல வேண்டும் என்பதற்காக. பிள்ளை கேள்வி கேட்பதற்கென்றே கல் நடப்படுகிறது! மறைக்கல்விக்கு இதனினும் சிறந்த முறை வேறொன்று நமக்குத் தெரியவில்லை.

கல் நட்டு நினைவைப் போற்றும் வழக்கம் நம் தகடூர் நாட்டுக்குப் புதியதன்று. தொல்காப்பியமே நடுகல் எடுக்கும் முறையைப் படிப்படியாகக் கூறுகிறது. தருமபுரி, செங்கம் பகுதிகளில் ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் மாண்டவர்க்கு எடுத்த கற்கள் வட்டெழுத்துடன் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றுள் பல 'வேடியப்பன்' என்ற பெயரில் இன்றும் பொங்கல் பெறுகின்றன. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டுக் கல் ஒன்று உண்டு. அரசன் மகேந்திரவர்மன் காலத்தது. வீரனின் உருவத்துக்குப் பின்னே ஒரு நாய் நிற்கும். கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லில் எழுதியிருக்கிறது. அரசர்க்கு மட்டுமே வரலாறு உண்டு என எண்ணும் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒரு நாய்க்குப் பெயர் எழுதி வைத்த மண் இது!

சில திருச்சபைப் பெரியவர்கள் வேடியப்பன் கல்லருகே பிள்ளைகள் போகலாகாது என்று தடுப்பதுண்டு. வணங்குவது வேறு, வாசிப்பது வேறு. தருமபுரி நகரில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நடுகற்களைத் திரட்டி வைத்துள்ளனர். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை முதலில் அங்கே அழைத்துச் செல்லுங்கள். யோசுவா நாட்டிய கல் அதன்பின் தானே விளங்கும்.

அடுத்து, ஓர் அரசனையும் ஓர் ஆளுநரையும் காண்போம். அதியமான் நெடுமான் அஞ்சி நம் தகடூரை ஆண்டவன். சங்கப் பாடல்கள் அவனைப் பாடுகின்றன. அவன் வெறும் கற்பனையோ என்று கேட்பார்க்கு நெடுங்காலம் பாட்டைத் தவிர வேறு சான்று காட்ட இயலவில்லை. 1981-இல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில், ஒரு குன்றில், தமிழ்ப் பிராமி எழுத்தில் அவன் பெயர் கண்டறியப்பட்டது. அவன் சமணத் துறவியர்க்கு உறைவிடம் ஈந்த செய்தி அது. இதே போன்று, இயேசுவுக்கு மரணத்தீர்ப்பு அளித்த பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் பாலஸ்தீனக் கடற்கரையில் செசரியா நகரில் கிடைத்தது. அது கிடைத்த இடம் எது தெரியுமா? ஒரு பழைய நாடக அரங்கின் படிக்கட்டு. பிற்காலத்தார் எழுத்தைப் பாராமல் படிக்கல்லாக வைத்துவிட்டனர். நம் ஊர்களில் நடுகல் துணி துவைக்கும் கல்லாகக் கிடப்பதைக் கண்ட பிள்ளைகளுக்கு இது வியப்பாக இராது.

இங்கே ஆசிரியர்கள் ஓர் எல்லையைக் கட்டாயம் காத்தல் வேண்டும். ஜம்பைக் கல் அதியமான் வாழ்ந்தான் என்பதற்குச் சான்று. ஔவைக்கு அவன் நெல்லிக்கனி கொடுத்ததற்குச் சான்று அன்று. பிலாத்துவின் கல் அவன் யூதேயாவை ஆண்டான் என்பதற்குச் சான்று. அவன் கை கழுவியதற்குச் சான்று அன்று. தொல்லியல் விவிலியத்தை மெய்ப்பித்துவிட்டது என்று முழங்கும் துண்டு வெளியீடுகள் அவ்வப்போது நம் கைக்கு வருகின்றன. அவற்றை அப்படியே பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டா. எரிகோவில் 1952 முதல் 1958 வரை அகழ்ந்த கேத்லீன் கென்யன் அம்மையார், யோசுவாவின் காலத்தைச் சேர்ந்த மதிலைத் தாம் காணவில்லை என்றே எழுதினார். பதினான்கு வயதுப் பிள்ளை இதை நாளை வேறொருவர் வாயிலாகக் கேட்டு நம்பிக்கை இழப்பதைவிட, இன்று நம் வாயிலாகக் கேட்டு ஆராய்வது நன்று. கேள்விக்கு அஞ்சும் வகுப்பில் எந்தப் பாடமும் நிற்பதில்லை. அரசுப் பள்ளியிலும் சரி, ஆலயத்திலும் சரி.

நிற்க. மன்னர், ஆளுநர் ஆகியோரின் கற்களைவிட நம் பிள்ளைகளுக்கு நெருக்கமான பொருள் ஒன்று உண்டு. அது ஓர் உடைந்த பானையோடு.

1960-இல், பாலஸ்தீனக் கடற்கரையில் யவ்னே என்னும் பழைய ஊருக்குத் தெற்கே ஒரு சிறு கோட்டையை அகழ்ந்தபோது, மையால் எழுதப்பட்ட ஓடு ஒன்று துண்டு துண்டாகக் கிடைத்தது. எழுத்து எபிரேயம், காலம் கி.மு. ஏழாம் நூற்றாண்டு. அதாவது எரேமியா தீர்க்கதரிசி வாழ்ந்த காலத்தை ஒட்டியது. அதில் எழுதியிருப்பது யாது? ஓர் அறுவடைக் கூலியாளின் மனு. அவன் கதிர் அறுத்தான். அளந்து களஞ்சியத்தில் சேர்த்தான். தனக்கு விதித்த வேலையை முடித்தும், ஓசயாகு என்னும் மேற்பார்வையாளன் வந்து அவனுடைய மேலாடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். உடன் வெயிலில் அறுத்த தோழர்கள் தனக்குச் சாட்சி சொல்வார்கள் என்கிறான். தன்மேல் குற்றம் இல்லை, ஆடையைத் திருப்பித் தரச் செய்யுங்கள் என்று அதிகாரியிடம் வேண்டுகிறான். அவனுக்கு எழுதத் தெரிந்திராது. எழுத்தன் ஒருவனிடம் சொல்லி எழுதுவித்தான் என்பதே அறிஞர் கருத்து.

திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தின் வாயிலில் மனு எழுதுவோரைச் சுற்றி நம் மக்கள் நிற்பதைக் கண்டவர்களுக்கு இந்த ஓட்டைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. யாத்திராகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரவில் அவன் போர்த்திக்கொள்ள அஃதொன்றே உண்டு. உபாகமத்தில் இன்னொரு சட்டம்: திரிகைக் கல்லை அடகு வாங்கலாகாது, அது உயிரையே அடகு வாங்குவதாகும். இவற்றை நம் ஞாயிறு பள்ளிகளில் எவரேனும் மனப்பாட வசனமாகக் கொடுத்ததுண்டா? நாம் கேட்டதில்லை. அந்த ஓட்டின் கதையைச் சொல்லிவிட்டு, கேழ்வரகு அரைக்கும் நம் வீட்டுத் திரிகையை வகுப்பின் நடுவே வைத்து அச்சட்டத்தைப் படியுங்கள். பண்ணையில் ஆள் இருந்த தாத்தாவின் கதையைப் பிள்ளைகளே சொல்லத் தொடங்குவர். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஓட்டில் ஆடையைப் பறித்தவன் பெயர் இருக்கிறது, பறிகொடுத்தவன் பெயர் இல்லை. ஆயினும் இருபத்தாறு நூற்றாண்டுக்குப் பின்னும் கேட்பது பறிகொடுத்தவன் குரலே.

இனித் தீட்டு என்னும் பொருளுக்கு வருவோம். கானாவூர்த் திருமணத்தில் ஆறு கற்சாடிகள் இருந்தன என்று யோவான் எழுதுகிறார். ஏன் கல்? மண்பானை மலிவன்றோ? இதற்கான விடையைத் தொல்லியல் தெளிவாக்கியது. எருசலேமிலும் கலிலேயாவிலும் முதல் நூற்றாண்டு வீடுகளில் சுண்ணாம்புக் கல்லில் குடைந்த குவளைகளும் சாடிகளும் மிகுதியாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கடைந்த பட்டறை ஒன்று கானாவூர்ப் பகுதிக்கு அண்மையில், ரெய்னா என்னும் இடத்தில், 2017-இல் அகழப்பட்டது. மண்பாண்டம் தீட்டுப்பட்டால் உடைத்துவிட வேண்டும் என்பது லேவியராகமச் சட்டம். கல்லோ தீட்டு ஏற்காது எனக் கருதினர். ஆகவே தீட்டுக்கு அஞ்சியவர்கள் கல்லை நாடினர்.

பாண்டத்திற்குள் புகுந்த இந்த அச்சத்தை நம் பிள்ளைகளுக்கு விளக்க எந்த நூலும் வேண்டா. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையைப் பார்த்த தலைமுறை இங்கே அமர்ந்திருக்கிறது. அது பழங்கதை என்று கூறுவாரும் உளர். 2024-ஆம் ஆண்டில், இதே தருமபுரி மாவட்டத்தில், வயல் வேலைக்குச் சென்ற நம் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் கொடுத்த செய்தி நாளேடுகளில் வந்தது. கைது வரை சென்றது. சமாரியப் பெண்ணிடம் இயேசு குடிக்கத் தண்ணீர் கேட்ட நிகழ்ச்சியை இதற்குப் பின் படியுங்கள். யூதர் சமாரியரோடு பாத்திரம் புழங்காத காலத்தில் அவளுடைய குடத்து நீரைக் கேட்டார் என்பதன் பொருள் அப்போது விளங்கும். படத்தில் அந்தக் குடம் அழகுக்காக வரையப்பட்டிருக்கிறது. கதையில் அந்தக் குடமே செய்தி.

குடத்திலிருந்து சுவருக்கு வருவோம். 1871-இல் எருசலேமில் கிளெர்மோன் கன்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். கிரேக்க மொழியில் ஏழு வரிகள். எருசலேம் அந்நாளில் துருக்கியர் ஆட்சியில் இருந்தமையால் அது இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வரிகளின் பொருள் இதுவே: பிற இனத்தார் எவரும் கோயிலைச் சுற்றியுள்ள தடுப்பைக் கடந்து உள்ளே வரலாகாது, வந்து பிடிபடுவோன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு. ஏரோது கட்டிய ஆலயத்தில் நின்ற எச்சரிக்கைக் கல் அது. இயேசுவும் அவர் சீடரும் அக்காலத்தில் அந்த ஆலயத்தில் நடமாடியவர்களே. பிற இனத்தான் ஒருவனை உள்ளே அழைத்து வந்தார் என்ற பழியின்பேரில் பவுலை மக்கள் அடித்துக் கொல்ல முயன்ற செய்தி அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. எபேசியருக்கு எழுதிய நிருபம், இடித்துத் தள்ளப்பட்ட நடுச்சுவர் பற்றிப் பேசுகிறது. அந்தச் சொல் வெறும் உவமை என்றே நாம் படித்து வந்தோம். கல்லைப் பார்த்தபின் அந்தச் சுவருக்கு உயரமும் அகலமும் வந்துவிடுகிறது.

நம் நாட்டுக் கல்வெட்டு இதற்குச் சளைத்ததன்று. பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடும்போது பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே குறிக்கப்பெறுகின்றன. தீண்டாமை நேற்று எவரோ புனைந்து கூறிய குறை என்பார்க்கு அக்கல்லைக் காட்டலாம். திருச்சபையும் இதற்கு விலக்கன்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதியாரைப் பிரிப்பதற்காகவே இரு கவடாகக் கட்டிய கோயில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுவே நின்ற சுவர் இடிக்கப்பட்டபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. தனியிடம் கேட்டவர்களுக்கு அங்கே உரிமை கிடைக்கவில்லை. எருசலேம் கல், தஞ்சைக் கல், வடக்கன்குளத்துச் சுவர் ஆகிய மூன்றையும் ஒரே ஞாயிறன்று கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச் சுவர் இருக்குமாயின் அதைப் பிள்ளைகளே சுட்டிக்காட்டுவர். அவ்வேளையில் ஆசிரியர் பேச்சை மாற்றலாகாது.

இன்னொரு செய்தியைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆயினும் சொல்ல வேண்டும். எரேமியாவின் சொற்கள் எழுதிய சுருளை யோயாக்கீம் அரசன் கத்தியால் அறுத்து நெருப்பில் இட்டான். அச்சுருள் முதலில் வாசிக்கப்பட்டது சாப்பானின் மகன் கெமரியாவின் அறையில். பின்னர் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேம் நகரையே எரித்தனர். 1982-இல் இகால் ஷீலோ என்னும் அகழாய்வாளர் அந்தச் சாம்பல் அடுக்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு களிமண் முத்திரைகளைக் கண்டெடுத்தார். ஓலைச்சுருளைக் கட்டி அதன்மேல் ஒட்டிய முத்திரைகள் அவை. அவற்றுள் ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியா என்ற பெயர் இருந்தது! சுருள்கள் எரிந்து போயின. எரித்த தீயே களிமண்ணைச் சுட்டு உறுதியாக்கிவிட்டது.

2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியும் கொண்டம்பட்டியும் அண்ணா நகரும் எரிந்ததை இந்த அவையில் நினைவூட்ட வேண்டியதில்லை. இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் பாழாயின. உடைமைகளோடு பிள்ளைகளின் பாடநூல்களும் படிப்புச் சான்றுகளும் சாம்பலாயின. அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு எரேமியா முப்பத்தாறாம் அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், அந்த முத்திரையின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசன் எரித்த சுருளைப் பாருக்கு என்னும் எழுத்தன் மறுபடியும் முழுவதும் எழுதினான். முன்னிருந்ததைவிட மிகுதியாகவே எழுதினான் என்று அந்த அதிகாரம் முடிகிறது.

வேதனையான செய்திகளையே சொல்லிக்கொண்டு போகிறோம் என்று தாய்மார்கள் எண்ணலாம். பிள்ளைகள் துள்ளி மகிழும் பொருளும் உண்டு. வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு வெள்ளிக்காசைக் கேட்டு வாங்கி, இது யாருடைய உருவம் என வினவினார். அது திபேரியு பேரரசனின் தெனாரியம் என்பது பொதுவான கருத்து. அதே திபேரியுவின் வெள்ளிக்காசுகள் நம் கொங்கு நாட்டில் குடம் குடமாகப் புதையலாய்க் கிடைத்துள்ளன; கரூரும் பொள்ளாச்சியும் அவற்றுக்குப் பெயர் பெற்றவை. மிளகும் முத்தும் பச்சைக் கல்லும் வாங்க உரோமர் கொடுத்த விலை அது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உரோமக் காசுகளைக் காணலாம். விவிலிய நாடு வானத்தில் இல்லை, கப்பல் போய்வந்த தொலைவில்தான் இருந்தது என்பதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை.

இவற்றையெல்லாம் நடத்தப் பெரும் பணம் வேண்டுமா? வேண்டா. ஓர் அகல்விளக்கு, ஒரு முறம், ஒரு திரிகை, உடைந்த பானையின் நான்கு ஓடுகள், ஓர் உலகப்படம் ஆகியவை போதும். சுட்ட ஓட்டில் கரித்துண்டால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரி மனு எழுதட்டும். சாலை இல்லை என்று ஒருவன் எழுதுவான். பேருந்து நம் காலனி நிறுத்தத்தில் நிற்பதில்லை என்று ஒருத்தி எழுதுவாள். அன்றைய வசனம் தானே மனத்தில் நிற்கும்.

நம் திருச்சபைகளின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளும் தொல்பொருளே என்பதை இளைஞர்கள் உணர வேண்டும். நம் முன்னோர் பலரின் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை, எந்தக் கல்வெட்டிலும் இல்லை. தந்தை பெயர், தாய் பெயர், ஊர், தொழில், பழைய பெயர், புதிய பெயர் என்று அவர்களை முதன்முதலாக வரிசையில் எழுதி வைத்தது அப்பதிவேடுதான். கரையான் அரிப்பதற்கு முன் குருவானவரின் இசைவு பெற்று அவற்றைப் படியெடுத்து வையுங்கள். உயர்நிலைப் பள்ளி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது விடுமுறைப் பணியாகலாம்.

ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளை எங்கேயும் தோண்ட விடலாகாது. புதையல் பற்றிய 1878-ஆம் ஆண்டுச் சட்டமும், தொல்பொருள்கள் பற்றிய 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. ஏர் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ காசு, பானை, எழுத்துள்ள கல் எது கிடைத்தாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை பெறுங்கள். ஒப்புகை இல்லாமல் கொடுக்க வேண்டா. நம் மக்கள் மீதுதான் முதலில் திருட்டுப் பழி விழும். தோண்டுவது பயிற்சி பெற்றோர் வேலை. கிருஷ்ணகிரி 2004-இல் பிரிவதற்கு முன் நம் மாவட்டத்தில் இருந்த மயிலாடும்பாறையில் முறைப்படி அகழ்ந்து கரிமக் கணக்கிட்டதால்தான், அங்கே இரும்பு கி.மு. 2172 அளவிலேயே வழங்கியது என்று 2022-இல் அறிவிக்க முடிந்தது. புதையலுக்கென ஒருவர் இரவில் மண்வெட்டியோடு போயிருந்தால் அந்தக் காலக்கணக்கு என்றென்றும் தொலைந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கல்திட்டையைப் பார்த்தால் இது எங்கள் சாதியார் கட்டியது என்று இன்று பலரும் உரிமை கொண்டாடுகின்றனர். நம் இளைஞரும் அந்தப் போட்டியில் இறங்க வேண்டா. எலும்புக்கும் இரும்புக்கும் சாதி எழுதி ஒட்டியிருப்பதில்லை.

மல்லச்சந்திரத்தின் கல்திட்டைகளைப் போன்றவை நம் பகுதிக் குன்றுகளில் பல இருந்தன. மலையடிவாரத்தில் ஆடு மேய்த்த முதியோர் அவற்றைப் பாண்டவர் வீடு என்பர். கல்லுடைப்போர் கையில் எத்தனை போயினவோ! ஆகவே சங்கத்தின் இளைஞர் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நம் ஊர் எல்லைக்குள் நடுகல் எங்கே நிற்கிறது, எத்திசை நோக்கி நிற்கிறது, எழுத்து உண்டா, யார் நிலத்தில் இருக்கிறது, ஊரார் அதை என்ன பெயரால் அழைக்கின்றனர், கல்திட்டை எத்தனை என்பவற்றை எழுதுங்கள். செல்பேசியில் படம் எடுங்கள். கல்லின்மேல் சுண்ணாம்போ பெயிண்டோ பூச வேண்டா. ஆண்டுக்கு ஒருமுறை அந்நோட்டின் படி ஒன்றைத் தருமபுரி அகழ்வைப்பக அலுவலரிடம் கையொப்பம் பெற்றுக் கொடுத்து, மூலத்தைச் சங்க அலுவலகப் பெட்டியில் வையுங்கள். முதல் நோட்டுகளை வாங்கிக் கோடு போட்டு, தலைப்புகள் எழுதி இங்கே மேசைமேல் வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் ஊருக்கு ஒருவராக வந்து பெற்றுச் செல்லுங்கள்.